மூன்று நாள் விருந்துக்குப் பிறகு

வாசகர் கேள்வி: கோவைக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் 26 பேர் வருகிறார்கள். எத்தியோப்பியா, தான்சானியா, ருவாண்டா, நேபாளம், பூட்டான் நாடுகளிலிருந்து. சென்ற ஆண்டும் வரவேற்பு விழா, வேட்டி சேலை கட்டிப் பொங்கல் வைத்தது, கலாசார தினத்தில் அவர்களுடைய நடனம் என்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தன. ஆனாலும் கேன்டீனில் அவர்கள் தனி மேசை, நம் பிள்ளைகள் தனி மேசை. இரண்டு பேர் முதல் செமஸ்டரோடு ஊர் திரும்பிவிட்டார்கள். நம் மாணவர்களைக் கேட்டால், "அவங்கதான் நம்மகூடச் சேர மாட்டேங்கறாங்க மேடம்" என்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?

ஆலோசனை:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் எல்லாமே விருந்தாளிக்குச் செய்கிற காரியங்கள். விருந்தாளியிடம் யாரும் லேப் ரெக்கார்டை இரவல் கேட்பதில்லை. டீக்குக் காசு கொடுக்கச் சொல்வதில்லை. புராஜெக்ட் வேலையை முடிக்கவில்லை என்று சண்டை போடுவதும் இல்லை. கல்லூரியில் நட்பு பிறப்பது இந்த இடங்களில்தான். நான்கு ஆண்டு தங்கப்போகிறவரை நான்கு ஆண்டும் விருந்தாளியாகவே வைத்திருந்தால் அவர் வெளியாளாகவே இருப்பார். ஆகவே விழாக்களுக்கு ஒதுக்கும் உழைப்பில் பாதியையாவது அன்றாடத்தின் பக்கம் திருப்புங்கள்.

முதலில் டீயிலிருந்து தொடங்குவோம். இன்று நம் கேன்டீன்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையைத்தான் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். புதிதாக வந்த மாணவரிடம் யு.பி.ஐ. இருக்காது. யு.பி.ஐ.க்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஓ.டி.பி. வர ஒரு இந்திய சிம் வேண்டும், சிம்முக்கு உள்ளூர் முகவரியும் உள்ளூரில் ஒருவரின் எண்ணும் கேட்பார்கள், முகவரிக்குக் கல்லூரி கொடுக்கும் போனஃபைட் சான்றிதழ் வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அது பத்து நாள் தாமதித்தால், வகுப்பு இடைவேளையில் எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்பும்போது அந்த மாணவர் "பசியில்லை" என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு வாரம் இப்படி உட்கார்ந்துவிட்டால் யார் யாரோடு டீ குடிப்பது என்ற வழக்கம் அதற்குள் கெட்டிப்பட்டுவிடும். பிறகு அதை உடைப்பது கடினம்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். வந்த அன்றே ஹாஸ்டல் தரப்பில் அவர்கள் தங்கியிருக்கும் விவரத்தை இணையத்தில் பதியுங்கள். 24 மணி நேரக் கெடு உண்டு. இதற்கு வார்டன் பொறுப்பு, மாணவர் அல்ல. மறுநாள் போனஃபைட், ஹாஸ்டல் சான்று ஆகியவற்றில் கையெழுத்தும் முத்திரையுமாக ஆளுக்கு ஐந்து பிரதி கொடுங்கள். ஒன்று கொடுத்தால் இரண்டாம் நாள் மறுபடி வரிசையில் நிற்பார்கள். மூன்றாம் நாள் சிம். அந்த வாரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு: 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர்கள் வந்திறங்கிய 14 நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும், விசாவிலேயே அந்தக் குறிப்பு இருக்கும். தாமதித்தால் அபராதம் மாணவர் தலையில்தான் விழும். நேபாளம், பூட்டான் மாணவர்களுக்கு விசாவும் இல்லை, இந்தப் பதிவும் இல்லை. அவர்களையும் அதே வரிசையில் நிறுத்தி அலைக்கழிக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கில் ஒரு விவரம் பல கிளைகளுக்கே தெரிவதில்லை. வெளிநாட்டு மாணவருக்கான என்.ஆர்.ஓ. கணக்கை, அதாவது இந்தியக் குடியிருப்பாளர் அல்லாதவருக்கான ரூபாய்க் கணக்கைப் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், புகைப்படம் இவற்றை வைத்தே தொடங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. உள்ளூர் முகவரியை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் கணக்கில் வரவு வைக்க மாட்டார்கள், மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் விட மாட்டார்கள், அவ்வளவுதான். 26 பேரையும் ஒவ்வொருவராகக் கிளைக்கு அனுப்பாதீர்கள். மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, விதியின் அச்சுப் பிரதியையும் கொடுத்து, வங்கி ஊழியரையே ஒருநாள் கல்லூரிக்கு வரச் சொல்லுங்கள். கணக்கு கைக்கு வரும்வரை கேன்டீனில் செல்லுபடியாகும் டோக்கன் புத்தகம் ஒன்றை 1,500 ரூபாய் அளவுக்குக் கல்லூரி முன்பணமாகக் கொடுக்கலாம். பிறகு கழித்துக்கொள்ளுங்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் பத்து வரவேற்பு உரைகள் செய்யாததை அது செய்யும்.

இனி அந்தத் தனி மேசை. அதைப் பார்த்து நீங்கள் வருந்துவது புரிகிறது. ஆனால் மேசையைக் கலைக்க முயலாதீர்கள். ஸ்டீபன் போக்னரும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1977இல் ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது மூன்று வட்டங்கள். சொந்த நாட்டாருடன் இருப்பது மனசுக்கு ஆறுதல்; உள்ளூர் மாணவர்களுடனான உறவு படிப்புக்கும் ஊர்க் காரியங்களுக்கும் கைகொடுப்பது; மற்ற வெளிநாட்டாரோடு சேர்வது பொழுதுபோக்குக்கு. மூன்றும் வேண்டும், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. நாள் முழுக்க அந்நிய மொழியில் கவனித்துக் களைத்தவர் மதிய உணவுக்காவது தன் மொழியில் பேசட்டும். சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ படிக்கும் நம் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் கல்லூரியில் குறைந்திருப்பது இரண்டாவது வட்டம். அதைக் கட்ட வேண்டிய இடம் லேபும் வகுப்பறையும்தான்.

வெவ்வேறு கூட்டத்தார் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் நெருங்கிவிடுவதில்லை என்பதை 1954இலேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் விளக்கிவிட்டார். இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதை அடைய ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும், நிர்வாகம் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். கலாசார தினத்தில் கடைசி ஒன்று மட்டும்தான் இருக்கிறது. ஒருவர் மேடையில், மற்றவர் கீழே. லேபில் நான்கையும் கொண்டுவர முடியும்.

அதற்குச் செய்ய வேண்டியது இது. குழு பிரிப்பதை மாணவர்களிடம் விடாதீர்கள். விட்டால் ஒரே ஊர், ஒரே பேருந்து, ஒரே ஹாஸ்டல் அறை என்று சேர்ந்துகொள்வார்கள், மிஞ்சியவர்கள் எல்லாம் "ஃபாரின் பேட்ச்" ஆகிவிடுவார்கள். நான்கைந்து பேர் கொண்ட குழுவாக நீங்களே பிரித்துவிடுங்கள். ஒரு குழுவில் வெளிநாட்டு மாணவர் ஒருவரை மட்டும் போட்டால் அவர் வாயே திறக்க மாட்டார், மூவரைப் போட்டால் குழு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு பேர் சரி. இயன்றால் இருவரும் வெவ்வேறு நாட்டவராக இருக்கட்டும், அப்போது குழுவின் பொதுமொழி தானாகவே ஆங்கிலம் ஆகும். அளவெடுப்பவர், கணக்கிடுபவர், எழுதுபவர், வைவாவில் விளக்குபவர் என்று பொறுப்புகளை எழுதிவைத்து வாராவாரம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டு மாணவருக்கு எப்போதும் கிடைப்பது "நீ பிபிடி பண்ணிடு" என்ற வேலைதான். ஒரு செமஸ்டர் முழுவதும் குழுவை மாற்றாதீர்கள்.

வகுப்பில் மொழி நழுவுவது உங்களுக்கே தெரிந்திருக்கும். பாடம் ஆங்கிலத்தில் ஓடும். சந்தேகம் வரும் இடத்தில், அதாவது மிக முக்கியமான இடத்தில், ஆசிரியர் தமிழுக்கு வருவார். நகைச்சுவையும் தமிழில்தான். வகுப்பே சிரிக்கும்போது, தன்னைப் பற்றித்தானோ என்ற சந்தேகம் தமிழ் தெரியாத வெளிநாட்டு மாணவருக்கு வரும். தமிழைத் தடை செய்யச் சொல்லவில்லை. தமிழ்வழியில் படித்துவந்த நம் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது தேவை. தமிழில் சொன்ன எதையும் உடனே இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது என்று துறைக் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும், இரு தரப்புக்கும் நல்லது.

வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பு இன்னும் அதிகம். "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஹவர் இல்ல மக்களே" என்ற ஒற்றைக் குரல்பதிவு போதும், வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் காலை எட்டரைக்குப் பூட்டிய வகுப்பறை முன் நிற்பார்கள். அறிவிப்புக்கு மட்டும் தனிக் குழு, அதில் ஆங்கில எழுத்து மட்டும், குரல்பதிவு கூடாது. கிளாஸ் ரெப்பிடம் இதைப் பொறுப்பாக ஒப்படையுங்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் நம் கல்லூரி ஆங்கிலம் தெரியாது. அரியர், ஹால் டிக்கெட், இன்டர்னல், ஓ.டி., அவுட்பாஸ், போனஃபைட், ஜெராக்ஸ், நோ டியூஸ், மெஸ், டிபன்: இவற்றில் பாதியை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். முப்பது சொற்களுக்கு ஒரு பக்கத்தில் பொருள் எழுதிக் கொடுங்கள். அதன் பின்பக்கத்தில் நாற்பது தமிழ்ச் சொற்கள்: எவ்வளவு, போதும், காரம் கம்மியா, இங்க இறங்கணும், அண்ணா, அக்கா. "போயிட்டு வரேன்" என்றால் திரும்பி வருவதாகப் பொருளில்லை, விடைபெறுவது என்பதையும், பக்கவாட்டில் தலையை ஆட்டினால் சரி என்று பொருள் என்பதையும் அங்கே எழுதுங்கள். நடத்துநரை அண்ணா என்று கூப்பிடத் தெரிந்த அன்றே ஊரின் முகம் மாறிவிடும்.

நம் பக்கம் கற்றுக்கொள்ள வேண்டியவை இன்னும் அதிகம். எத்தியோப்பியர்களுக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர், அதற்கடுத்து தாத்தா பெயர். கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருடைய தாத்தாவைக் கூப்பிடுகிறோம். இனிஷியலை விரித்தெழுதச் சொல்லும் படிவங்களோடு வெளிநாட்டில் போராடிய எந்தத் தமிழருக்கும் இது உடனே புரியும். வருகைப் பதிவேட்டில் முதல் பெயர் இருக்கட்டும். உச்சரிப்பை அவர்களிடமே கேட்டுத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் வருடம் ஏழெட்டு ஆண்டு பின்னால் இருந்தால் போலி என்று எண்ண வேண்டாம். அவர்களுடைய நாட்காட்டி வேறு. அங்கே 2016 என்பது நம் 2023-24.

நேரத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அம்ஹாரிக் மொழியிலும் சுவாஹிலியிலும் விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். நம் காலை ஒன்பது அவர்களுக்கு மூன்று. நம் பழைய நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்து தொடங்கியதுதானே. புதிதாக வந்தவர்கள் தங்களுக்குள் பேசி நேரத்தை மாற்றிக் குறித்துக்கொள்ள வாய்ப்புண்டு. முக்கியமான நேரங்களை 09.00, 15.00 என்று எழுதிக் கொடுங்கள்.

மெஸ்ஸில் "வெளிநாட்டவர், காரம் ஆகாது" என்ற பொதுவிதி செல்லாது. பூட்டானில் மிளகாய் காய்கறி போலச் சமைக்கப்படுகிறது, எத்தியோப்பியர்களின் பெர்பெரே மசாலா நம் குழம்புப் பொடிக்குச் சளைத்ததல்ல. காரம் பழக்கமில்லாமல் சிரமப்படுவது பெரும்பாலும் தான்சானியா, ருவாண்டா மாணவர்களாக இருக்கும். அவர்களுடைய உகாலி மக்காச்சோள மாவுக் களி. நம் கேழ்வரகுக் களி மாதிரியே கையால் உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவது. மெஸ் மாஸ்டரிடம் சொன்னால் வாரம் ஒருநாள் களி போடுவது பெரிய காரியமல்ல, நம் கிராமத்துப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பலர் புதன், வெள்ளி நோன்பு. இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய், முட்டை எதுவும் சேர்க்க மாட்டார்கள். சாம்பார், பொரியல், ரசம் சரி. ஆனால் நெய் ஊற்றிய பொங்கலைக் கொடுத்துவிட்டு "சைவம்தானே" என்று சொல்லக்கூடாது. முஸ்லிம் மாணவர்கள் இருந்தால் ரம்ஜான் மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குச் சாப்பாடு எடுத்துவைக்க ஏற்பாடு வேண்டும். அருகிலுள்ள பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிடைப்பதையும் சொல்லுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. நம் மாணவர்கள் கெட்ட எண்ணமில்லாமல் "நீக்ரோ" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய பாடப்புத்தகத்தில் படித்த சொல் என்று நினைக்கிறார்கள். கேட்பவருக்கு அது அடிமை விற்பனைக் காலத்து வசை. தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, கேட்காமல் செல்ஃபி எடுப்பது, 54 நாடுகள் கொண்ட கண்டத்திலிருந்து வந்தவரை "ஆப்பிரிக்கா" என்றே கூப்பிடுவது, ருவாண்டா மாணவரிடம் "நீ ஹூட்டுவா டுட்சியா" என்று விசாரிப்பது எல்லாமே காயம். டுட்சி இனத்தாரைக் குறிவைத்த 1994 இனப்படுகொலையில் குடும்பத்தாரை இழந்த வீட்டிலிருந்து அவர் வந்திருக்கலாம். ஏப்ரல் 7 அங்கே நினைவு நாள். அன்று அவர் பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். 2016இல் பெங்களூரில் தான்சானியா மாணவியும், 2017இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களும் கும்பலால் தாக்கப்பட்டதை உங்களிடம் வரும் மாணவர்களின் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நம் கல்லூரி பத்திரமா என்ற கேள்வியோடுதான் அனுப்புகிறார்கள்.

இவற்றை உள்ளூர் மாணவர்களிடம் வெளிநாட்டு மாணவர்கள் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், ஒரு மணி நேரம் போதும். அவர்களை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பேசுவது கொடுமை. கூடவே ஒரு சட்ட விவரத்தையும் சொல்லுங்கள். நிறம், இனம், தேசம், மொழி ஆகியவற்றின் அடிப்படையில் ஒருவரை வதைப்பதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று யு.ஜி.சி. 2016இல் விதியைத் திருத்தியிருக்கிறது. ஒதுக்கிவைப்பது என்ற சொல்லே அதில் இருக்கிறது. 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண்ணை அந்தச் சொற்பட்டியலிலேயே அச்சிடுங்கள்.

துணை மாணவர் திட்டம் வைக்கச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருவார்கள். வையுங்கள். ஆனால் "நண்பராக இரு" என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது, வேலையைத்தான் ஒப்படைக்க முடியும். இரண்டாமாண்டு மாணவர்களில் தாமாக முன்வருபவர்களை எடுங்கள். இரண்டு புதியவர்களுக்கு ஒரு துணை; தொடக்கத்தில் பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். எட்டு வாரம், வாரம் ஒருமுறை, கிழமையும் நேரமும் நிலையாக. முதல் வாரம் சிம்மும் பேருந்தும். இரண்டாம் வாரம் சந்தை, மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை. சுருள்முடி வெட்டத் தெரிந்தவர் எந்தக் கடையில் இருக்கிறார் என்பதைச் சீனியர் ஆப்பிரிக்க மாணவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் நூலகமும் பழைய வினாத்தாள்களும். இந்தத் திட்டங்கள் வழக்கமாக இரண்டு விதங்களில் உடையும். இன்டர்னல் தேர்வு வந்ததும் துணை மாணவர் காணாமல் போவார். அதற்கு மாற்று ஆள் ஒருவரை முதலிலேயே வையுங்கள். அல்லது துணை மாணவரையே புதியவர்கள் எடுபிடியாக நடத்தத் தொடங்குவார்கள். அதற்குத்தான் வேலைப் பட்டியலை இருவரிடமும் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன்.

விசா தாமதத்தால் சிலர் ஐந்தாறு வாரம் கழித்து வருவார்கள். ஒரே ஒரு அறிமுக நாள் நடத்தினால் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள். சிறிய அளவில் மூன்று முறை நடத்துங்கள். 75 சதவீத வருகைக் கணக்கைச் சேர்ந்த நாளிலிருந்து எடுக்க முடியுமா என்று இப்போதே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். நவம்பரில் கேட்டால் காலம் கடந்துவிடும். சில நாடுகளில் டாலர் தட்டுப்பாட்டால் கட்டணம் தாமதமாகும். அந்தப் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்ட விடாதீர்கள்.

திரும்பிப்போன இருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் வெளியேறுவதற்குப் பல வாரம் முன்பே அறிகுறி தெரிந்திருக்கும்: காலை டிபனுக்கு வராமை, திங்கள் காலை வகுப்புக்கு வராமை, பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் வீட்டோடு பேச்சு. மெஸ் பதிவேடும் வருகைப் பதிவேடும் உங்கள் கையில்தானே இருக்கின்றன. வாரம் ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து டிபனுக்கு வராதவரை அலுவலகத்துக்குக் கூப்பிடாமல் நீங்களே போய்ப் பாருங்கள், "நல்லா இருக்கியா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நேற்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் கிடைக்கும்.

கடைசியாக, ஆண்டின் மிகத் தனிமையான நாட்கள் விடுமுறை நாட்கள். நேபாளத்தின் 'தசைன்' பண்டிகை செப்டம்பர், அக்டோபரில் வரும். நேபாள மாணவர்களுக்கு அதுதான் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்தது. அந்த வாரத்தில் இன்டர்னல் வைக்காமல் பாருங்கள். பொங்கலுக்கு ஹாஸ்டலே காலியாகி மெஸ்ஸும் மூடும்போது, இருபது பேர் பிஸ்கட்டும் நூடுல்ஸும் தின்று நான்கு நாள் தள்ளுவார்கள். உள்ளூர் மாணவர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். இரண்டிரண்டு பேராக, வீட்டாரிடம் உணவுப் பழக்கத்தை முன்பே சொல்லி, திரும்பும் நாளைக் குறித்து, வார்டனுக்கு முகவரி கொடுத்து. தெரு முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டாமல், மாட்டைக் குளிப்பாட்டவோ கரும்பு தூக்கவோ ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். போக விரும்பாதவர்களுக்காக மெஸ்ஸில் ஒரு சமையல்காரர் இருக்க வேண்டும். அவரும் ஊருக்குப் போகத்தான் விரும்புவார். ஆகவே கூடுதல் சம்பளத்தையும் மாற்று விடுப்பையும் பேசி, டிசம்பர் முதல் வாரத்துக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.